ஈரம் காயாத கை

கல்மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்துக்குத் தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். வந்தால் வீட்டுக்கு எட்டுக் குடம். அந்த எட்டில் இரண்டு நாளை ஓட்டத் தெரிந்தவர்கள்தான் அங்கே குடியிருக்க முடியும். அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரம் ஊறும். துணி அலசிய தண்ணீர் கக்கூசுக்குப் போகும். மாடி வீட்டு ரஹீமுன்னிசாவுக்கு மட்டும் எட்டுக் குடமும் மத்தியானத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்வதற்குள் தீர்ந்துவிடும்.

தீர்ந்த பிறகு அவள் என்ன செய்கிறாள் என்பது கீழ் வீட்டுக் கன்னியம்மாவுக்குத் தெரியவர ஆறு மாதம் ஆயிற்று. கன்னியம்மா காசிமேட்டில் ஏலம் எடுத்து, மார்க்கெட்டில் கூறு வைத்து மீன் விற்பவள். இருட்டோடு போனால் மத்தியானம் இரண்டு மணிக்கு வருவாள். மேல் கழுவலாம் என்று டிரம்மைத் திறந்தால் தண்ணீர் குறைந்திருக்கும். டிரம் ஒழுகுகிறது என்று நினைத்து அடியில் தார் வைத்து அடைத்தும் பார்த்துவிட்டாள். ஒருநாள் போட்டுகள் கரைக்கு வரத் தாமதமாகி, ஏலம் இல்லாமல் பத்து மணிக்கே திரும்பி வந்தவள், தன் டிரம்முக்குள் குனிந்திருந்த ரஹீமுன்னிசாவின் முதுகைப் பார்த்தாள்.

"இன்னா பாயம்மா இது? என் டிரம்ல உனுக்கு இன்னா வேல?"

ரஹீமுன்னிசா வாளியோடு நிமிர்ந்தாள்.

"கேட்டா ஒரு கொடம் குடுக்க மாட்டேனா? திருட்டுத்தனமா மொண்டுகினு போறியே! அஞ்சு வேள தொய்ற பொம்பள பண்ற வேலயா இது?"

"லாரி வந்ததும் ஊத்திடறேன்க்கா…"

"இன்னாத்த ஊத்துவ? உன் டிரம்முதான் எப்பவும் காலியா கீதே. கீறது மூணு பேரு. மேல ஆன கீன வளக்கிறியா?"

சந்து சிரித்தது. ரஹீமுன்னிசா படி ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கன்னியம்மாவின் டிரம்மில் எப்போதும் மீன் செதில் ஒன்றிரண்டு மிதக்கும். அந்தத் தண்ணீரைத் தூக்கி வந்த வாளியைக் கழுவ வேண்டும், வாளியைப் பிடித்த கையைக் கழுவ வேண்டும், கை பட்ட தாழ்ப்பாளைக் கழுவ வேண்டும். மொண்டு வந்தது மொத்தமும் அதற்கே சரியாகப் போயிற்று. தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி ஒளு செய்யத் தண்ணீர் இல்லாமல் அன்றைக்கு அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அவள் எப்போதும் இப்படி இருந்தவள் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால், சந்துக்கு இன்னும் குழாய்த் தண்ணீர் வந்த காலத்தில், ஒரு வாரம் அதில் சாக்கடை கலந்து வந்தது. நிறம் தெரியவில்லை, லேசாக வாடை மட்டும் இருந்தது. அப்போது மகள் உஸ்மாவுக்கு ஆறு வயது. டைபாய்டு காய்ச்சல் வந்து இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நடுவில் நாலு நாள் டாக்டர்கள் முகம் கொடுத்தே பேசவில்லை. குழந்தை பிழைத்துவிட்டது. ஆனால் "எல்லாம் தண்ணியால வந்ததுதாம்மா" என்று அங்கே யாரோ சொன்ன ஒரு வார்த்தை ரஹீமுன்னிசாவோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

முதலில் தண்ணீரைக் காய்ச்சினாள். யாரும் குறை சொல்லவில்லை. பிறகு டம்ளரைக் காய்ச்சினாள். பிறகு கை. கடைசியில் அது ஒளுவில் வந்து நின்றது. முழங்கையில் தண்ணீர் பட்டதா, படவில்லையா? படவில்லை என்றால் ஒளு சேராது. ஒளு சேராவிட்டால் தொழுகை கூடாது; செல்லாததாகிவிடும். தொழுகை கூடாவிட்டால் பிள்ளைக்காகக் கேட்ட துஆ போய்ச் சேராது. முழங்கையில் காய்ந்திருந்த ஒரு பொட்டு இடத்திலிருந்து கிளம்பி, ஒரு நிமிஷத்துக்குள் அவள் மனசு உஸ்மாவின் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய் நிற்கும். உடனே மறுபடி சொம்பை எடுப்பாள். தொழுகைக்கு நின்ற பிறகும் பாதியில் முஸல்லா விரிப்பை விட்டு எழுந்து ஓடுவாள்.

புருஷன் கலீலுல்லா டிரைலர் லாரி ஓட்டுகிறவன். திருவொற்றியூரிலிருந்து ஹார்பர் கேட் வரை கன்டெய்னர் பெட்டி ஏற்றிய லாரிகள் வரிசையில் நிற்கும். சில தடவை ஒன்றரை நாள் ஆகும். வண்டி நகர்ந்தால் பத்தடி நகரும். அதனால் இறங்கித் தூங்கவும் முடியாது. புழுதியும் டீசலுமாக வீட்டுக்கு வந்தால் மாடிப் படியிலேயே நிற்க வேண்டும். சட்டையை அங்கேயே கழற்றி பிளாஸ்டிக் கவரில் போட வேண்டும். காலில் அவள் மூன்று சொம்பு ஊற்றுவாள். "நகத்துல கீது பாருங்க" என்று இன்னும் ஒன்று ஊற்றுவாள். பசியோடு வந்தவன் லுங்கி கட்டி உட்கார முக்கால் மணி நேரம் ஆகும்.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் அவளை அழைத்துப் போனான். ஹஜ்ரத் நல்ல மனுஷர். "மூணு வாட்டிக்கு மேல கழுவச் சொல்லி மார்க்கத்துல இல்லம்மா. அதுக்கு மேல வர்ற எண்ணம் வஸ்வாஸ். ஷைத்தான் போடற சந்தேகம்" என்றார். அவளுடைய நிம்மதிக்காகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்தவள், அப்படியானால் ஷைத்தான் தன் மேல் இருக்கிறானா என்று இன்னும் நாலு சொம்பு சேர்த்து ஊற்றிக்கொண்டாள்.

வேலையும் போயிற்று. வண்ணாரப்பேட்டை மொத்தக் கடை ஒன்றுக்கு அவள் இன்ஸ்கர்ட் தைத்துக் கொடுத்துவந்தாள். சோப்பு தின்ற விரல்கள் கணுவுக்குக் கணு வெடித்து, தைக்கும் துணியில் ரத்தம் ஒட்டியது. ரோஸ் நிறக் கட்டு ஒன்றில் ஏழு உருப்படியில் கறை. கடைக்காரர் ஒன்றும் திட்டவில்லை. மறுதடவை கட்டு அனுப்பவில்லை, அவ்வளவுதான். தையல் மெஷின் சும்மா கிடந்தது. அதைத் துடைக்கும் வேலை மட்டும் நடந்தது.

ஒருநாள் கலீலுல்லா வரும்போது உஸ்மா குளியலறையில் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. செருப்பு முடிந்து, பை முடிந்து, கை மூன்றாம் தடவை நடந்துகொண்டிருந்தது. அவன் மகளின் கையை வாங்கிப் பார்த்தான். சின்னச் சின்ன வெடிப்பு.

"இன்னாடி இது?"

"ரெண்டு நிமிசம், இதோ ஆயிடும்…"

"புள்ள கைய பாருடி! உன் கை மாதிரியே ஆயிகினு வருது. உனுக்குக் கண்ணு தெரீதா இல்லியா?"

"மறுபடி அவளுக்கு எதுனா வந்துச்சின்னா?"

"நோவு வந்து சாவறதுக்கு மின்ன நீ இவள கயுவியே சாவடிச்சிருவ."

சொன்ன பிறகு அவனுக்கே நடுங்கியது. ஆனாலும் அன்றைக்கே உஸ்மாவின் துணிகளைப் பையில் போட்டு, எம்.கே.பி. நகரில் இருக்கும் தன் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டான். ரஹீமுன்னிசா தடுக்கவில்லை. வாசலில் நின்று, "காய்ச்சின தண்ணி குடுக்கச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

பிள்ளை இல்லாத வீட்டில் கழுவுவது குறையும் என்று அவன் நினைத்தான். கூடத்தான் செய்தது.

வெடிப்பில் சீழ் கட்டி, பிடித்த சொம்பை நழுவ விட்டபோதுதான் அவள் அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் போனாள். டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மீன் வெட்டற வேலையா?"

"இல்ல சார். வூட்லதான்."

"ஒரு நாளைக்கு எத்தன தடவ சோப்பு போடறீங்க?"

இதுவரை எல்லோரும் அவளிடம் கழுவாதே என்றுதான் சொல்லியிருந்தார்கள். எத்தனை தடவை என்று யாரும் கேட்டதில்லை. எண்ண முயன்று, எண்ண முடியாமல் அவள் அழ ஆரம்பித்தாள். டாக்டர் களிம்பு எழுதினார். இன்னொரு சீட்டில் வேறு அறை எண் எழுதி, "இங்கயும் போய்ப் பாருங்க. கை ஆறணும்னா அங்க போனாதான் ஆறும்" என்றார்.

அந்த அறைக்கு மேலே 'மனநலப் பிரிவு' என்று பலகை. இரண்டு தடவை அதுவரை போய்த் திரும்பி வந்தாள். பைத்தியம் என்று எழுதிவிட்டார்களா? யாராவது சந்துக்காரர்கள் பார்த்தால்? மூன்றாம் தடவை அவளைப் போக வைத்தது உஸ்மாவின் போன். "ம்மா, இங்க நா வெளாடலாமாம். அத்த ஒண்ணியும் சொல்ல மாட்றாங்க. நா வெளாடட்டா?" என்று கேட்டது குழந்தை. விளையாடுவதற்கு என்னிடம் பர்மிஷன் கேட்கிறாளே என்று மறுநாள் காலை எட்டு மணிக்கே போய் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

பெரிய டாக்டர் மாத்திரை எழுதினார். அதோடு வாரம் ஒருநாள் பக்கத்து அறையில் பேச வரச் சொன்னார். அங்கே இருந்தவள் மனநல ஆலோசகர் கார்குழலி. சின்ன வயசு, காட்டன் புடவை, கடகடவென்று ஓடும் மின்விசிறிக்குக் கீழே ஒரு மேஜை. முதல் நாள் அவள் ஒரே கேள்வியைத்தான் மாற்றி மாற்றிக் கேட்டாள்.

"முழங்கையில தண்ணி படலேன்னு வெச்சிக்குவோம்க்கா. என்ன ஆகும்?"

"ஒளு சேராது."

"சேரலேன்னா?"

"தொழுக கூடாது."

"கூடலேன்னா?"

அப்படியே படிப்படியாக இறங்கிக்கொண்டே போனார்கள். அடியில் ஒரு வாக்கியம் இருந்தது. அதை அவள் புருஷனிடமும் சொன்னதில்லை.

"உஸ்மா மௌத்தாயிடுவா, செத்துடுவா. அந்தத் தம்ளர நான்தான் மேடம் குடுத்தேன். எம் புள்ள வேணாம்மா நாத்தம் அடிக்குதுன்னு சொல்லிச்சி. நான்தான் குடின்னு அதட்டினேன்."

கார்குழலி உடனே ஆறுதல் சொல்லவில்லை. அவள் அழுது முடிக்கும் வரை பக்கத்தில் இருந்தாள். பிறகு, "இதுக்குப் பேரு இருக்குக்கா. உங்களுக்கு மட்டும் வந்த நோய் இல்ல. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி வரும். சிலருக்குப் பூட்டு, சிலருக்கு அடுப்பு. உங்களுக்குத் தண்ணி. இது ஈமான், நம்பிக்க கொறஞ்சி வர்றதில்ல. நீங்க கெட்டவங்கன்னும் இல்ல" என்றாள். ரஹீமுன்னிசா வீட்டுக்கு வரும் பஸ்ஸில், பேர் இருக்கிறது, பேர் இருக்கிறது என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அறிவுரைதான் சொல்லப்போகிறார்கள் என்று எதிர்பார்த்துப் போனவளுக்கு மூன்றாம் வாரம் தூக்கிவாரிப் போட்டது. வெளியே நோயாளிகள் உட்காரும் பெஞ்சை உள்ளங்கையால் தேய்க்கச் சொன்னாள் கார்குழலி. தானும் தேய்த்தாள். இருவரும் அறைக்குள் வந்து கழுவாமல் உட்கார்ந்தார்கள்.

"பயம் இப்ப எவ்வளவு இருக்கு? நூத்துக்கு?"

"நூறு மேடம். நூறுக்கு மேலயே கீது. கைய வெட்டிப் போட்டுடலாமான்னு கீது."

"சரி. ஒண்ணும் செய்ய வேணாம். அது இருக்கட்டும். நம்மளும் இருப்போம்."

பத்து நிமிஷம் கழித்துக் கேட்டாள். தொண்ணூற்றைந்து. இருபதாவது நிமிஷம் ரஹீமுன்னிசா எழுந்து கதவு வரை போய்த் திரும்பி வந்தாள். கால் நிலைகொள்ளவில்லை. புடவைத் தலைப்பில் கை பட்டுவிடாமல் இரண்டு கையையும் தூக்கிப் பிடித்திருந்தாள். அரை மணி நேரத்துக்குப் பிறகு எண்பது. நாற்பத்தைந்தாவது நிமிஷம், "இந்த ஃபேனு எப்பவும் இப்டிதான் சத்தம் போடுமா மேடம்?" என்று கேட்டாள். கார்குழலி சிரித்துவிட்டாள். அந்தச் சத்தம் காதில் விழும் அளவுக்கு பயம் நகர்ந்து இடம் கொடுத்திருந்தது. எண் கேட்டபோது ஐம்பது என்றாள். கழுவாமலே இறங்கியிருந்தது. அப்படியும் ஒன்று நடக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

ஒரு வாரம் கலீலுல்லாவையும் வரச் சொன்னாள் கார்குழலி. "போச்சா, சுத்தமாயிடுச்சான்னு கேட்டாங்கன்னா பதில் சொல்லாதீங்க" என்றாள்.

"பதில் சொல்லலன்னா வூடு ரெண்டாயிடும் மேடம். நா பொட்டி எறக்கிட்டு, தூக்கம் இல்லாம வர்றவன்."

"தெரியும். ஆனா நீங்க போச்சுன்னு சொன்னா எவ்வளவு நேரம் அவங்களுக்குத் தாங்குது?"

அவன் யோசித்தான். "அஞ்சு நிமிசம்."

"அதான். தெரியாதுன்னு சொல்லுங்க. சொல்லிட்டுப் பக்கத்துலயே இருங்க."

அன்றிலிருந்து அந்த வீட்டில் "தெரியாது" என்ற வார்த்தை நிறையப் புழங்கியது. "பாருங்களேன், போச்சா?" "தெரியாது." "சொம்மா சொல்லுங்களேன்." "தெரியாதுடி." ஒரு தடவை அவள் சொம்பை அவன் மேலேயே வீசினாள். அவன் எழுந்து போகாமல் தலையைத் துவட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

நேர்க்கோடாக ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு வாரம் நன்றாக இருப்பாள். பிறகு, தெருவில் செத்த எலி ஒன்றை மிதித்த நாளில் இரண்டு மணி நேரம் குளியலறையை விட்டு வெளியே வரவில்லை. "எனக்கு இது ஒத்துக்காது மேடம், உட்ருங்க" என்று ஒரு தடவை போய்ச் சொல்லியும் விட்டாள். "சரி. அடுத்த வாரம் வந்து அதையே சொல்லுங்க" என்றாள் கார்குழலி. போனாள். மாத்திரையும் விடாமல் சாப்பிட்டாள். நாலாம் மாதம் கை வெடிப்பு மூடிக்கொண்டது. மூன்று தடவையோடு சொம்பைக் கீழே வைத்துவிட்டு, சந்தேகம் கூடவே நின்று தொழுகிற மாதிரி இருந்தாலும் தொழுது முடித்தாள். லாரி வந்த நாளில் கன்னியம்மாவின் டிரம்மில் ஒரு குடம் ஊற்றினாள். கன்னியம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். உஸ்மா ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு வேளை சாப்பிட்டுப் போனாள். அரைப் பரீட்சை முடிந்ததும் நிரந்தரமாகக் கூட்டி வந்துவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

அதற்குள் டிசம்பர் புயல் வந்துவிட்டது.

மூன்று நாள் விடாத மழை. கரண்ட் இல்லை, லாரி இல்லை. ஹார்பர் மூடியதால் கலீலுல்லாவின் லாரி எண்ணூர் சாலையில் மாட்டிக்கொண்டது. மூன்றாம் நாள் காலையில் சந்தில் இடுப்பளவு தண்ணீர். கறுப்பாக, சாக்கடையும் எண்ணெயும் கலந்து. கன்னியம்மாவின் புருஷன் செல்வம் போட்டைக் கட்டிக் காக்கக் காசிமேட்டுக்குப் போயிருந்தான். கன்னியம்மா ஒரு ஸ்டவ்வையும் கருவாட்டுப் பையையும் தலையில் வைத்துக்கொண்டு மாடிப் படியின் நாலாவது படியில் நின்றிருந்தாள். மேலே ஏறவும் இல்லை, கேட்கவும் இல்லை.

ரஹீமுன்னிசா கதவைத் திறந்தாள். கன்னியம்மாவின் புடவையிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்தாள்.

"மேல வாங்கக்கா."

"வாணாம்மா. உன் வூடு கலீஜாயிடும்."

"ஆவட்டும். வாங்க."

கன்னியம்மா வந்தாள். அவள் உடை மாற்றிக்கொள்ளப் புடவையும், கால் கழுவ ஒரே ஒரு சொம்புத் தண்ணீரும் கொடுத்தாள் ரஹீமுன்னிசா. கொடுத்துவிட்டு அறைக்கும் சமையல்கட்டுக்குமாக நடந்தாள். நின்றாள். மறுபடி நடந்தாள். டிரம்மில் கால்வாசிதான் மிச்சம். கன்னியம்மா ஸ்டவ்வைப் பற்ற வைத்துக் கருவாட்டுக் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே அவளைப் பார்த்தாள்.

"குந்தேன் பாயம்மா. ஏன் கூண்டுல போட்ட மாதிரி நடந்துகினே கீற?"

"கைய கயுவணும் போல கீதுக்கா."

"கயுவிக்கோயேன்."

"கயுவக் கூடாது. கொஞ்ச நேரம் அப்டியே இருக்கணும். ஆஸ்பத்திரில சொல்லிக் குடுத்துக்கிறாங்க."

"மாசக்கணக்கா போறியே, இன்னாதான் பண்றாங்க அங்க? ஊசியா?"

"மாத்திரை கீது. மத்தபடி பேசுவாங்க. கலீஜ தொட வெச்சி, கயுவாம ஒக்கார வெப்பாங்க."

"அட! இதுக்கா ஆஸ்பத்திரி? எங்கிட்ட உட்ருந்தா மீன் தொட்டிலயே ஒக்கார வெச்சிருப்பேனே."

ரஹீமுன்னிசாவுக்குச் சிரிப்பு வந்தது. "நீங்க திட்டுவீங்கக்கா. அந்தப் பொண்ணு திட்டாது. கூட ஒக்காரும்."

கன்னியம்மா புளியைப் பிழிந்து சக்கையை ஓரமாக வைத்தாள். "அன்னிக்கு நா ரொம்பப் பேசிட்டேன்" என்றாள். "நோவுன்னு எனுக்கு இன்னா தெரியும்."

"எனக்கே தெரியாதேக்கா."

குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது படியில் கலீலுல்லாவின் குரல் கேட்டது. வண்டியைச் சாலையிலேயே விட்டுவிட்டு, கிடைத்ததில் ஏறி, நடந்து, எம்.கே.பி. நகருக்குப் போயிருக்கிறான். தங்கை வீட்டில் கட்டில் முழுகும் அளவுக்குத் தண்ணீர். தங்கை குடும்பம் வெள்ள முகாம் திறந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விட, இவன் உஸ்மாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். வழியில் ஒரு பள்ளத்தில் கால் தவறி, இரண்டு பேருமே தலையோடு முழுகி எழுந்திருந்தார்கள்.

உஸ்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். தலையிலிருந்து கால்வரை கறுப்புத் தண்ணீர். உள்ளே வரவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள்.

"ம்மா, நா எதியும் தொடல" என்றாள். "வாயில போவல. மூடிகினேன்."

கலீலுல்லா மனைவியின் முகத்தைப் பார்த்தான். கன்னியம்மா கரண்டியை நிறுத்தினாள்.

எந்தத் தண்ணீருக்குப் பயந்து ரஹீமுன்னிசா இரண்டு வருஷம் கையைத் தின்றாளோ, அதே தண்ணீர் பிள்ளையின் இமையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிறகுதான் அணைத்தது தெரிந்தது.

கன்னியம்மாவின் ஸ்டவ்வில் தண்ணீர் சுட வைத்தாள். ஒரு வாளி. இந்தத் தண்ணீரில் முழுகி வந்த பிள்ளையை எந்தத் தாயும் கழுவத்தான் வேண்டும். அது அவளுக்கும் தெரியும். கழுவுவது கஷ்டமில்லை. நிறுத்துவதுதான் கஷ்டம். தலைக்கு ஷாம்பு போட்டாள். காது மடல், கழுத்து, விரல் இடுக்கு, பாதம் என்று சோப்புப் போட்டுத் தேய்த்தாள். ஊற்றினாள். வாளி காலியானது. துண்டால் துவட்டினாள்.

துவட்டி முடித்த கை, தானாகப் போய் டிரம்மில் சொம்பைப் பிடித்தது.

உஸ்மா கண்ணை மூடி, கையை நீட்டிக்கொண்டு அடுத்த தடவைக்காக நின்றிருந்தாள்.

"பாருங்களேன்," என்றாள் ரஹீமுன்னிசா புருஷனிடம். "போச்சா?"

கலீலுல்லா தாடியிலிருந்து தண்ணீர் சொட்ட, கண்ணில் நீரோடு, "தெரியாதுடி" என்றான்.

"போச்சின்னு சொல்லேன்யா, கல்லுளிமங்கா!" என்று கன்னியம்மா அதட்டினாள்.

அவன் சொல்லவில்லை. ஆனால் வந்து பக்கத்தில் குந்திக்கொண்டான்.

சொம்பு அவள் கையில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அதைக் கவிழ்த்து வைத்தாள். "அவ்ளோதான்டி" என்றாள்.

உஸ்மா அசையவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "அவ்ளோதானா?"

"அவ்ளோதான். போ. போயி சாப்டு."

குழந்தை நம்பாமல் இரண்டு அடி வைத்தாள். கதவைத் தொட்டாள். தொட்டுவிட்டுத் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். தையல் மெஷினைத் தொட்டாள்; பார்த்தாள். கன்னியம்மாவின் கருவாட்டுப் பையைத் தொட்டாள், பார்த்தாள். ரஹீமுன்னிசா ஈரக் கைகளை அக்குளில் இறுக்கிக்கொண்டு சுவரோடு உட்கார்ந்திருந்தாள். உஸ்மா ஜன்னலைத் தொட்டாள். அலமாரியைத் தொட்டாள். அம்மாவின் தலையணை வரை போய், விரலை அதன்மேல் நிறுத்தி, தொடலாமா என்று பார்த்தாள்.

"தொடு" என்றாள் ரஹீமுன்னிசா.